பீஎச் சரி, காபனீரொட்சைட்டு பிழை: தொப்புள்கொடிக் குருதி அறிக்கை ஒன்று பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

அம்பாறை மாவட்டக் கரையோரத்திலுள்ள ஓர் ஆதார வைத்தியசாலையில், மாரிகாலத்து நண்பகல் ஒன்றில் நடந்த பிரசவம் இது. தாயையோ ஊழியர்களையோ இனங்காட்டக்கூடிய விவரங்கள் தவிர்க்கப்பட்டுள்ளன. அளவீடுகளும் நேரங்களும் விடுதிக் குறிப்பேட்டில் உள்ளபடி தரப்படுகின்றன.

தாய்க்கு வயது 26, முதற்பிரசவம். ஊர் மேற்குப் பக்கத்து வயற்கிராமம். மழை பிடித்தால் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும். அதனால் 39 வாரம் முடிந்ததுமே, வலி தொடங்குமுன், விடுதியில் அனுமதிக்கப்பட்டிருந்தார். குருதி அழுத்தம், சீனி இரண்டும் இயல்பு. சிசுவின் வளர்ச்சி வாரத்துக்கு ஏற்றதாக இருந்தது.

பிரசவ அறையில் சிசுவின் இதயத்துடிப்பைப் பதியும் சீ.ரி.ஜி. இயந்திரம் உண்டு. குருதி வாயுப் பகுப்பாய்வு இயந்திரம் ஒன்றே ஒன்று, அதுவும் அடுத்த கட்டடத்தில், அதிதீவிர சிகிச்சைப் பிரிவில். சிசுக்களுக்கான சிறப்புப் பராமரிப்புப் பிரிவான பி.பி.யு. உண்டு, ஆனால் மூளைப் பாதிப்புக்கான குளிரூட்டும் சிகிச்சை இல்லை. தேவைப்பட்டால் சிசுவை ஏ4 வீதியால் மட்டக்களப்புக்கு அனுப்ப வேண்டும். மழை நாளில் அது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணம்.

வலியின்போது சிசுவின் காபனீரொட்சைட்டு

சிசு தன் காபனீரொட்சைட்டைச் சூல்வித்தகம் வழியாகவே தாயிடம் கடத்துகிறது. கொடி நசுங்கினால் முதலில் தேங்குவது இந்த வாயுதான். நிமிடங்களில் அதன் அழுத்தம் ஏறும், பீஎச் இறங்கும், அதாவது குருதியின் அமிலத்தன்மை கூடும். கொடி விடுபட்டால் அதே வேகத்தில் சீராகும். ஒட்சிசன் குறைவு நீடித்து, இழையங்கள் இலக்டிக் அமிலத்தைச் சேர்த்து, அமிலத்தை ஈடுசெய்யும் இருகாபனேற்றைச் செலவழித்த பின்னர்தான் மற்ற வகை அமிலத்தன்மை உருவாகிறது. முதலாவது சுவாசவகை, இரண்டாவது வளர்சிதைவகை. மூளையைப் பாதிப்பது பெரும்பாலும் இரண்டாவதே. இரண்டிலும் பீஎச் ஒரே அளவுக்கு இறங்கலாம். அவற்றைப் பிரித்துக் காட்டுவது காபனீரொட்சைட்டு அழுத்தம்தான்.

அந்த அழுத்தத்தை வலியின்போதே தொடர்ச்சியாக அளக்கும் முயற்சி 1980களில் ஐரோப்பாவில் நடந்தது. சிசுவின் உச்சந்தலைத் தோலில் ஒட்டும், சூடாக்கப்பட்ட மின்வாய் அதற்குப் பயன்பட்டது. தோலைச் சூடாக்கும்போது ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் அளவு ஏறத்தாழ 4.5 சதவீதம் கூடுகிறது. தோலின் சொந்த வளர்சிதை மாற்றமும் 5 மி.மீ. இரசம் அளவில் சேர்க்கிறது. இவற்றைக் கணக்கிட்டுக் கழிக்கலாம். கழிக்க முடியாதது தலை இறங்கும்போது உச்சந்தலையில் ஏற்படும் வீக்கம். அங்கே குருதியோட்டம் மந்தமாகி, காட்டப்படும் அளவு சிசுவின் உடலில் உள்ளதைவிடக் கூடிவிடும். தலைமுடியும் பன்னீர்க்குட நீரும் மின்வாய் ஒட்டாமல் செய்யும். அந்த முறை வழமையான பிரசவ அறைக்குள் வரவேயில்லை. 1960களின் தொடக்கத்தில் பேர்லினில் எரிக் சாலிங் தொடங்கிய உச்சந்தலைக் குருதிப் பரிசோதனை இன்றும் சில நாடுகளில் உள்ளது. அதிலும் நம்பப்படுவது பீஎச்சும், இலக்டிக் அமிலத்தின் அளவைக் காட்டும் இலக்டேற்றுமே. கீறலில் திரளும் துளி காற்றில் நிற்கும் சில வினாடிகளில் காபனீரொட்சைட்டு வெளியேறிவிடும்.

ஆகவே இங்கே சிசுவின் காபனீரொட்சைட்டைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரே இடம், பிறந்தவுடன் கவ்வப்பட்ட தொப்புள்கொடித் துண்டு.

பிரசவத்தின் போக்கு

காலை 6.40க்கு கருப்பைக் கழுத்து 4 செ.மீ. விரிந்திருந்தது. சீ.ரி.ஜி. அடிப்படைத் துடிப்பு நிமிடத்துக்கு 140, ஏற்ற இறக்கம் 10 முதல் 15 வரை. 8.30க்கு வலி போதாமல் இருந்ததால் ஒட்சிரோசின் தொடங்கப்பட்டது. 10.50க்கு 8 செ.மீ. பன்னீர்க்குடம் உடைக்கப்பட்டது, நீர் தெளிவாக இருந்தது. அதன் பின்னரே துடிப்பில் திடீரென விழுந்து திடீரென எழும் இறக்கங்கள் தென்பட்டன. நீர் வடிந்ததும் கொடிக்குக் கிடைத்த மெத்தை போய்விட்டது என்பதே இதன் வழமையான பொருள்.

12.05க்கு முழு விரிவு. 12.20 முதல் ஒவ்வொரு வலியுடனும் துடிப்பு 70 வரை இறங்கியது. பத்து நிமிடத்தில் ஐந்து வலிகள் வந்துகொண்டிருந்தன. ஒட்சிரோசின் நிறுத்தப்பட்டு, தாய் இடப்பக்கம் திருப்பிப் படுக்க வைக்கப்பட்டார். வலிகளுக்கு இடையில் துடிப்பு மீண்டது, ஏற்ற இறக்கமும் குறையவில்லை. 12.41க்கு துடிப்பு 80இல் நின்று மீளவில்லை. தலை கீழே நன்றாக இறங்கியிருந்ததால் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குக் கொண்டுசெல்வதைவிட தலையில் உறிஞ்சுகிண்ணம் பொருத்தி இழுக்கும் வென்ரூஸ் விரைவு என்று முடிவு செய்யப்பட்டது. 12.46க்கு கிண்ணம் பொருத்தப்பட்டது. இரண்டு இழுப்பில், 12.52க்கு, 3.1 கிலோ எடையுள்ள ஆண் சிசு பிறந்தது.

கொடி கழுத்தில் இரு சுற்று, இறுக்கமாக. உள்ளேயே வெட்டாமல், தலையைத் தாயின் தொடையோடு சேர்த்துப் பிடித்து உடலைப் புரட்டி எடுத்து, பின்னர் சுற்று அவிழ்க்கப்பட்டது. சிசு துவண்டிருந்தது, இதயத்துடிப்பு 70, மூச்சில்லை. உடனே கொடி கவ்வப்பட்டு சிசு மேசைக்கு மாற்றப்பட்டது. சாதாரணக் காற்றுடன் பையும் முகமூடியும் வைத்து மூச்சு கொடுக்கப்பட்டது. ஒரு நிமிடம் கடந்ததும் துடிப்பு 100க்கு மேல். இரண்டாம் நிமிடத்தில் முதல் மூச்சு, நான்காம் நிமிடத்தில் ஒழுங்கான மூச்சும் அழுகையும். பிறந்த சிசுவின் நிலைக்குப் பத்துக்கு இடப்படும் அப்கார் புள்ளி 1, 5, 10 நிமிடங்களில் முறையே 3, 7, 9.

சிசுவைக் கவனிக்க ஒருவர் போக, பிரசவம் பார்த்த மருத்துவமாது சூல்வித்தகப் பக்கம் இன்னொரு கவ்வி போட்டு, ஏறத்தாழ 20 செ.மீ. துண்டை இரு முனையும் அடைத்து கிட்னி ட்ரேயில் எடுத்து வைத்தார். பிறந்து அரை நிமிடத்துக்குள் இது நடந்துவிட்டது. இந்த நிகழ்வு இங்கே எழுதப்படும் அளவுக்கு வளர்ந்ததற்கும் ஒழுங்காக முடிந்ததற்கும் காரணம் அந்தத் துண்டுதான்.

முதல் அறிக்கை

12.58க்கு கொடியின் நாடியிலிருந்து மாதிரி எடுக்கப்பட்டது. குருதி உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் உலர்வாகப் பூசிய சிரிஞ்ச் பிரசவ அறையில் இருக்கவில்லை. 5 மி.லீ. குப்பியிலிருந்து, ஒரு மி.லீ.க்கு 5000 அலகு செறிவுள்ள திரவ ஹெப்பரின், 2 மி.லீ. சிரிஞ்சுக்குள் இழுத்து வெளியே தள்ளப்பட்டது. நாடி சுருங்கியிருந்ததால் கிடைத்த குருதி அரை மி.லீ.க்கும் குறைவு. நாளத்திலிருந்து மாதிரி எடுக்கப்படவில்லை. 13.09க்கு இயந்திரம் தந்த அளவுகள்:

பீஎச் 7.07
காபனீரொட்சைட்டு அழுத்தம் 62 மி.மீ. இரசம்
இருகாபனேற்று ஒரு லீற்றரில் 17.3 மி.மோல்
காரக் குறைபாடு 12.8
இலக்டேற்று 3.6
ஹீமோகுளோபின் ஒரு டெசிலீற்றரில் 11.8 கிராம்
அயன் கல்சியம் 0.68

வாசிக்கப்பட்டவை முதல் நான்கு வரிகள் மட்டுமே. நாடிக் குருதியின் வழமையான காபனீரொட்சைட்டு அழுத்தம் 50 அளவில். 62 என்பது கொஞ்சம் கூட. பத்து மி.மீ. திடீர் ஏற்றத்துக்கு பீஎச் 0.08 இறங்கும் என்ற கைக்கணக்கின்படி, வழமையான 7.27 இலிருந்து 7.17க்கு வரலாம். 7.07க்கு வர முடியாது. மிச்சம் 0.10 அளவு அமிலத்திலிருந்து வந்திருக்க வேண்டும். அமிலத்தை ஈடுசெய்யக் குருதிக்கு எவ்வளவு காரம் போதவில்லை என்பதைக் காட்டும் காரக் குறைபாடும் 12ஐத் தாண்டியிருந்தது. அந்த அளவுகளிலிருந்து வளர்சிதைவகை அமிலத்தன்மை என்ற முடிவுக்கு வந்தது தர்க்கப் பிழையல்ல. பிழை அளவுகளில் இருந்தது.

13.12க்கு எடுக்கப்பட்ட முடிவுகள்

குறிப்பேட்டில் “கடும் பிறப்பு மூச்சுத்திணறல், வளர்சிதைவகை அமிலத்தன்மை” என்று எழுதப்பட்டது. மட்டக்களப்புக்குத் தொலைபேசியில் பேசி இடம் கேட்கப்பட்டது. குளிரூட்டல் பிறந்து ஆறு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதால், போகும் வழியிலேயே உடல் குளிரட்டும் என்று 13.15க்கு மேசையின் சூடாக்கி நிறுத்தப்பட்டது. குளிரூட்டல் என்பது உடல் வெப்பநிலையை 33.5 பாகை செல்சியசில் 72 மணி நேரம் வைத்திருக்கும் சிகிச்சை.

இங்கே இரண்டு எல்லைகள் கலந்துவிட்டன. 12 என்பது வலியின்போது ஏற்பட்ட திடீர் ஒட்சிசன் குறைவு பிற்காலப் பெருமூளை வாதத்துக்குக் காரணமாக இருந்திருக்குமா என்று பின்னோக்கிப் பார்க்கும் 1999ஆம் ஆண்டின் சர்வதேச உடன்பாட்டில் உள்ள எல்லை. அதிலும் பீஎச் 7.00க்குக் கீழே இருக்க வேண்டும். குளிரூட்டலுக்கான எல்லை வேறு: பீஎச் 7.00 அல்லது அதற்குக் கீழ், இல்லாவிட்டால் காரக் குறைபாடு 16 அல்லது அதற்கு மேல். பீஎச் 7.01 முதல் 7.15 வரை, அல்லது காரக் குறைபாடு 10 முதல் 15.9 வரை இருந்தால், பிரசவகாலத் திடீர் நிகழ்வு ஒன்றும், அதோடு பத்தாம் நிமிட அப்கார் 5 அல்லது அதற்குக் கீழ் என்பதோ பத்து நிமிடம் செயற்கை மூச்சு தேவைப்பட்டது என்பதோ வேண்டும். எப்படியிருந்தாலும் நடுத்தர அல்லது கடும் மூளைப் பாதிப்பின் அறிகுறிகள் இருந்தே ஆக வேண்டும். இந்தச் சிசுவின் பத்தாம் நிமிட அப்கார் 9. முதல் அறிக்கை உண்மையாகவே இருந்திருந்தால்கூட இடமாற்றத்துக்கான நிபந்தனை நிறைவேறவில்லை. சுவரில் ஒட்டியிருந்த தாளில் “காரக் குறைபாடு 12க்கு மேல்” என்ற ஒரு வரி மட்டும் இருந்ததுதான் அவசரத்தை உண்டாக்கியது.

செய்து வைத்தால் நல்லதுதானே என்று நினைக்கக்கூடிய சிகிச்சையும் அல்ல இது. இந்தியா, பங்களாதேசம், இலங்கை ஆகிய நாடுகளின் வைத்தியசாலைகளில் 408 சிசுக்களை வைத்து நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஹீலிக்ஸ் ஆய்வில், குளிரூட்டப்பட்ட சிசுக்களில் 42 சதவீதமும் குளிரூட்டப்படாதவற்றில் 31 சதவீதமும் இறந்தன. மழையில் ஒன்றரை மணி நேரம் அம்புலன்சில் போவதன் ஆபத்து அதற்கு மேலதிகம்.

சந்தேகம் எழுந்த விதம்

13.20க்கு குழந்தைநல வைத்திய நிபுணர் சிசுவைப் பார்த்தார். நிறம் நன்றாக இருந்தது. தசை இறுக்கம், உறிஞ்சல், கண்மணி எல்லாம் இயல்பு. சற்று அதிக விழிப்பும் கை நடுக்கமும் மட்டும் இருந்தன. சிசுவின் மூளைப் பாதிப்பை மூன்று நிலைகளாகப் பிரிக்கும் சார்னாற் படிநிலையில் மிகுதியாகப் போனால் முதலாம் நிலை. அறிக்கையின் கடைசி மூன்று வரிகள் அப்போதுதான் வாசிக்கப்பட்டன.

முதலில் கண்ணில் பட்டது இலக்டேற்று. காரக் குறைபாடு 12.8 ஆக இருக்கும் சிசுவில் இலக்டேற்று 3.6 இருக்காது. இலக்டிக் அமிலம் சேராமல் இருகாபனேற்று எங்கே போயிற்று? அடுத்தது ஹீமோகுளோபின் 11.8. நிறைமாதச் சிசுவுக்கு இது குருதிச்சோகை. குருதிப்போக்கோ வெளிறலோ இல்லாத சிசுவில் அதை நம்ப முடியாது. மூன்றாவது அயன் கல்சியம் 0.68. கொடிக் குருதியில் அது தாயினுடையதைவிடக் கூடியதாக, 1.4 அளவில் இருக்க வேண்டும். கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் பொருள் ஒன்று அந்தச் சிரிஞ்சில் இருந்திருக்கிறது.

காற்றுக்குமிழி என்ற ஐயம் முதலில் எழுந்தாலும் பீஎச் அதற்கு ஒத்துவரவில்லை. காற்றில் காபனீரொட்சைட்டு அநேகமாக இல்லை. குமிழி இருந்தால் குருதியிலிருந்து வாயு வெளியேறி, அழுத்தம் குறையும், பீஎச் ஏறும், காரக் குறைபாடு பெரிதாக மாறாது. ஹீமோகுளோபின் தொடப்படாது. இங்கே நடந்திருப்பது கலப்பு. பாலில் தண்ணீர் சேர்ந்தால் எல்லாச் சத்தும் ஒரே விகிதத்தில் குறைவதுபோல, ஹெப்பரின் திரவம் காபனீரொட்சைட்டையும் இருகாபனேற்றையும் ஒரே அளவில் குறைத்துவிடுகிறது. பீஎச் அந்த இரண்டின் விகிதத்தைப் பொறுத்தது. இரண்டும் சேர்ந்து குறைந்தால் விகிதம் மாறாது, பீஎச்சும் அநேகமாக அப்படியே நிற்கும். காரக் குறைபாடு மட்டும் பெருத்துவிடும். பிழையான மாதிரி சரியான மாதிரிபோலத் தோன்றுவதற்கு இதைவிட வசதியான வழி கிடையாது.

இரண்டாம் மாதிரி

“கொடித்துண்டு இன்னும் எறியல்ல டொக்டர், ட்ரேயிலதான் கிடக்கு” என்று மருத்துவமாது சொன்னார். இரு முனையும் கவ்வப்பட்ட துண்டை அறை வெப்பநிலையில் வைத்தால் அதிலுள்ள குருதியின் பீஎச்சும் காபனீரொட்சைட்டும் ஒரு மணி நேரம் வரை பெரிதாக மாறுவதில்லை. இலக்டேற்று கொஞ்சம் ஏறலாம். பிறந்து 39 நிமிடம்தான் ஆகியிருந்தது. அதிதீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து உலர் ஹெப்பரின் சிரிஞ்ச் இரண்டு வாங்கி வரப்பட்டு, 13.31க்கு மாதிரிகள் எடுக்கப்பட்டன. முதலில் நாடி, பிறகு நாளம். நாளத்தை முதலில் வெறுமையாக்கினால் துண்டு தொய்ந்து, மெல்லிய நாடியில் ஊசி பிடிக்காது. இயந்திரத்தில் 13.38க்கு:

நாடி: பீஎச் 7.06, காபனீரொட்சைட்டு 84, இருகாபனேற்று 23.0, காரக் குறைபாடு 7.3, இலக்டேற்று 5.1, ஹீமோகுளோபின் 15.7, அயன் கல்சியம் 1.39
நாளம்: பீஎச் 7.27, காபனீரொட்சைட்டு 46, இருகாபனேற்று 20.4, காரக் குறைபாடு 6.5

பீஎச் 7.07க்குப் பதில் 7.06. மற்றதெல்லாம் வேறு கதை. முதல் மாதிரியை இரண்டாவதோடு வகுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 0.75, காபனீரொட்சைட்டு 0.74, இருகாபனேற்று 0.75. மூன்றும் ஒரே விகிதம். அதாவது சிரிஞ்சில் இருந்ததில் நாலில் ஒரு பங்கு ஹெப்பரின் திரவம். 0.45 மி.லீ. குருதிக்கு 0.15 மி.லீ. திரவம் போதும் இதற்கு. உந்தியை முற்றாக அழுத்தாமல் விட்டால், சிரிஞ்சின் நுனியிலும் ஊசியின் அடியிலும் அந்த அளவு எளிதாகத் தங்கிவிடும். 2 மி.லீ. சிரிஞ்ச் நிறையக் குருதி எடுத்திருந்தால் அதே 0.15 மி.லீ. ஏழெட்டு சதவீதக் கலப்பைத்தான் உண்டாக்கியிருக்கும். நாடியில் குருதி குறைவாகக் கிடைத்ததே தீங்கைப் பெருக்கியது.

நாடிக்கும் நாளத்துக்கும் இடையிலான வேறுபாடும் கவனிக்கத்தக்கது. இரு மாதிரிகளும் வெவ்வேறு குழாயிலிருந்து வந்தவை என்று ஏற்க, பீஎச் குறைந்தது 0.02உம் காபனீரொட்சைட்டு குறைந்தது 4 மி.மீ.உம் வேறுபட வேண்டும். இங்கே 0.21உம் 38உம். நாளம் சூல்வித்தகத்திலிருந்து வரும் குருதி, அது அநேகமாக நலமாக இருக்கிறது. நாடி சிசுவிடமிருந்து வரும் குருதி, அதில் காபனீரொட்சைட்டு தேங்கி நிற்கிறது. சூல்வித்தகத்தில் குறையில்லை, இடையில் கொடி நசுங்கியது என்பதை இந்த இடைவெளியே சொல்லிவிடுகிறது. கழுத்தில் இருந்த இரு சுற்றுக்கும், 12.41க்குப் பின் மீளாத துடிப்புக்கும் இது பொருந்துகிறது.

காரக் குறைபாட்டைக் கணக்கிட இயந்திரங்களில் இரண்டு சூத்திரங்கள் உள்ளன. ஒன்று குருதிக்கு மட்டும், மற்றது கலங்களுக்கு வெளியிலுள்ள திரவம் முழுவதற்கும். இதே நாடி மாதிரிக்கு இரண்டாவது 7.3 என்கிறது, முதலாவது 9.4 அளவில் தரும். காபனீரொட்சைட்டு கூடக்கூட இந்த இடைவெளி அகலும். இந்த இயந்திரம் இரண்டாவதைப் பயன்படுத்துகிறது என்பது பகுப்பாய்வுக் கையேட்டைத் திறந்த பிறகே உறுதியானது. வேறு வைத்தியசாலை அறிக்கையோடு ஒப்பிடுமுன் இதைப் பார்க்காவிட்டால் இரண்டு புள்ளி தானாகவே கூடிக் குறையும்.

மாற்றப்பட்ட முடிவும் தொடர்ந்தவையும்

13.40க்கு இடமாற்றம் கைவிடப்பட்டது. அதற்குள் சிசுவின் வெப்பநிலை 36.6 இலிருந்து 35.4க்கு இறங்கியிருந்தது. சூடாக்கி மீண்டும் போடப்பட்டு, மணிக்கு அரைப் பாகை வீதம் ஏற்றப்பட்டது. குருதிச் சீனி ஒரு டெசிலீற்றரில் 52 மில்லிகிராம், மருந்து தேவைப்படவில்லை. காரணம் எதுவானாலும் ஒரு மணி நேரத்துக்குள் சிசுவின் சொந்தக் குருதியைப் பார்ப்பதே கடைசி உரைகல் என்பதால், குதிகாலைச் சூடாக்கி 13.45க்கு மாதிரி எடுக்கப்பட்டது: பீஎச் 7.31, காபனீரொட்சைட்டு 43, காரக் குறைபாடு 5.4, இலக்டேற்று 3.9. சிசு மூச்சுவிடத் தொடங்கியதும் தேங்கிய வாயு வெளியேறிவிட்டது. 12.8 என்ற குறைபாடு உண்மையாக இருந்திருந்தால் ஐம்பது நிமிடத்தில் இப்படித் தீர்ந்திருக்காது.

சிசுவை ஏன் தாயிடம் விடவில்லை என்று வெளியில் நின்றவர்களுக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. “ஏன் மிஸ் புள்ளயக் காட்டாம வெச்சிருக்கீங்க?” என்று பாட்டி இரண்டு தடவை கேட்டிருக்கிறார். கொடி சுற்றிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்ற பேச்சு வேறு நடந்துகொண்டிருந்தது. கொடி சுற்றியதால் வாயு தேங்கியது, மூச்சு வந்ததும் போய்விட்டது, மூளைக்குச் சேதமென்று சொல்ல இப்போது ஆதாரமில்லை, இரண்டு நாள் பார்ப்போம் என்று 14.10க்கு நிபுணர் தாயிடமும் தகப்பனிடமும் விளக்கினார்.

சார்னாற் பரிசோதனை 1, 3, 6 மணி நேரங்களில் மீண்டும் செய்யப்பட்டது. மூன்றாம் மணியில் நடுக்கம் இல்லை. நான்காம் மணியில் தாய்ப்பால் குடித்தது. 48 மணி நேரம் பி.பி.யு.வில் வலிப்பு எதுவும் இல்லை. தலை ஸ்கான் இயல்பு. நான்காம் நாள் வீடு சென்றது. ஆறாம் மாத கிளினிக்கில் கழுத்து நிலைத்து, இரு கையாலும் பொருளைப் பிடித்தது.

குறிப்பேட்டிலும் குழந்தையின் சுகாதார விருத்திப் பதிவேட்டிலும் எழுதப்பட்ட முதல் வரி ஒரு கோட்டால் அடிக்கப்பட்டு, “கொடி நசுங்கியதால் ஏற்பட்ட சுவாசவகை அமிலத்தன்மை, முதல் மாதிரி ஹெப்பரின் கலந்தது” என்று நேரமும் கையொப்பமும் இட்டு எழுதப்பட்டது. முதல் அறிக்கை கிழிக்கப்படவில்லை, இரண்டாவதோடு சேர்த்துக் கோப்பில் ஒட்டப்பட்டது. பதிவேடு பள்ளிக்கூடக் காலம் வரை கூடவே போகும் என்பதால் இந்தத் திருத்தம் சிறிய வேலையல்ல.

மாற்றப்பட்டவை

ஹெப்பரின் குப்பி பிரசவ அறைத் தள்ளுவண்டியிலிருந்து எடுக்கப்பட்டது. உலர் ஹெப்பரின் சிரிஞ்சுகள் சோடி சோடியாக ஒரு பெட்டியில், சிவப்பும் நீலமுமான பட்டி ஒட்டி வைக்கப்பட்டன: சிவப்பு நாடி, நீலம் நாளம். ஒன்றை மட்டும் அனுப்பினால் இயந்திரம் உள்ள பிரிவு மற்றதைக் கேட்டுத் திருப்பும். ஒற்றை மாதிரி நாடியா நாளமா என்று அறிய வழியே இல்லை.

சிரிஞ்ச் தீர்ந்தால் செய்ய வேண்டிய முறை தனியே எழுதப்பட்டது. 1 மி.லீ. சிரிஞ்சை எடுக்க வேண்டும், 2 மி.லீ. அல்ல, திரவம் தங்கும் வீணிடம் அதில் குறைவு. 0.1 மி.லீ. ஹெப்பரினை இழுத்து, உந்தியை முழு நீளத்துக்கும் இழுத்துச் சுவரை நனைத்து, நுனியை மேலே பிடித்து முற்றாக வெளியேற்ற வேண்டும். அந்த ஊசியைக் கழற்றி எறிந்து புதிய ஊசி பூட்ட வேண்டும், திரவம் அதிகம் ஒளிந்திருப்பது பழைய ஊசியின் அடியில்தான். நாடியிலிருந்து குறைந்தது 0.8 மி.லீ. கிடைக்கும் வரை இழுக்க வேண்டும். ஓரிடத்தில் நின்றுவிட்டால் சூல்வித்தகப் பக்கமாகச் சற்றுத் தள்ளிக் குத்தலாம். குமிழியை உடனே தள்ளி, மூடியிட்டு, உள்ளங்கைகளுக்கு இடையில் உருட்ட வேண்டும். பிளாஸ்டிக் சிரிஞ்சை ஐஸில் வைக்கக் கூடாது, 30 நிமிடத்துக்குள் இயந்திரத்துக்குப் போக வேண்டும்.

அறிக்கையை வாசிப்பவர் பீஎச்சைப் பார்க்குமுன் ஹீமோகுளோபினையும் அயன் கல்சியத்தையும் பார்க்க வேண்டும் என்பது புதிய ஒழுங்கு. கல்சியம் 1.0க்குக் கீழ் என்றால் மாதிரி செல்லாது. காரக் குறைபாடும் இலக்டேற்றும் ஒன்றுக்கொன்று ஒத்துவராவிட்டாலும் செல்லாது. நாடியின் காபனீரொட்சைட்டு 25க்குக் கீழ் வந்தால் அது சிசுவின் அளவாக இருக்க முடியாது, காற்று புகுந்திருக்கிறது அல்லது ஹெப்பரின் கலந்திருக்கிறது. இரு முனையும் கவ்விய துண்டு, அறிக்கை வாசித்துக் கையொப்பமிடும் வரை ட்ரேயில், பிறந்த நேரம் எழுதிய பட்டியோடு இருக்கும். சுவரில் இருந்த ஒற்றை வரித் தாள் கிழிக்கப்பட்டு, குளிரூட்டலுக்கான முழு நிபந்தனைகளும், முதலில் மூளைப் பரிசோதனை என்ற ஒழுங்கில், எழுதி ஒட்டப்பட்டன. சூடாக்கியை நிறுத்தும் முடிவு இனிமேல் குழந்தைநல நிபுணருடையது மட்டும்.

தீராதது ஒன்று உண்டு. இயந்திரம் இன்னும் அடுத்த கட்டடத்தில்தான். இரவில் மாதிரியைக் கொண்டு ஓட ஆள் இல்லாத வேளைகளில் முப்பது நிமிட எல்லை தவறுகிறது. அப்படியான இரவுகளில் குருதியைச் சிரிஞ்சில் எடுத்து வைத்துக் காத்திராமல், கவ்விய கொடித்துண்டை அப்படியே விட்டு, ஆள் வந்த பின் எடுக்கும்படி சொல்லப்பட்டிருக்கிறது.